அம்மா எண்ணை மட்டும் படித்தார்

2022 ஜனவரி 10 அன்று, அறுபது வயதைக் கடந்த இணைநோயாளர்களுக்கு மூன்றாம் தவணைக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். கும்பகோணத்தில் தனியாக வசிக்கும், நீரிழிவு உள்ள என் தாயாருக்கு அதே வாரத்தில் ஓர் அழைப்பு வந்தது. சுகாதாரத் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்ன இளைஞர், அம்மா முன்பு போட்டுக்கொண்டது கோவிஷீல்டு என்பதையும், இரண்டாம் ஊசிக்குப் பின் ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது என்பதையும் சரியாகச் சொன்னதால், அம்மாவுக்கு ஐயமே எழவில்லை. அந்த வயதில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது அதுதான் என்பதும், ஒன்பது மாத இடைவெளி அரசே அறிவித்தது என்பதும், ஆகவே இரண்டையும் ஊகத்திலேயே சொல்லிவிடலாம் என்பதும் எனக்குப் பின்னர்தான் உறைத்தன.

பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் என்று கூறி, ஆதார் எண், ஏடிஎம் அட்டையின் எண், பின்புறமுள்ள மூன்று இலக்கம் ஆகியவற்றை வாங்கிக்கொண்ட பிறகு, "இப்போது ஓர் எண் வரும், சொல்லுங்கம்மா" என்றிருக்கிறார். வந்த குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. இருபத்து நான்காயிரம் ரூபாய்ப் பரிவர்த்தனைக்கான ஓடிபி, யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. தமிழ் நாளிதழை வரி விடாமல் படிக்கும் அம்மா, அந்தச் செய்தியில் தமக்குப் புரிந்த ஆறு இலக்கங்களை மட்டும் படித்துக் காட்டினார்.

பணம் போய்விட்டதாக அடுத்து வந்த செய்தியைப் பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொன்ன பிறகே எனக்குத் தகவல் வந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடினால் போலி எண்ணில் சிக்க நேரலாம் என்பதால், அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணுக்கே அழைத்து அட்டையை முடக்கச் சொன்னேன். பிறகு, அப்போது 155260 என்றிருந்து பின்னர் 1930 ஆன இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசினேன். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டு ஒப்புகை எண் அளித்தார்கள். அதைக் கொண்டு தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் முழுப் புகாரையும் அன்றிரவே பதிவு செய்தேன். பணம் சென்று சேர்ந்த இடத்தில் மிச்சமிருந்த பதினைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் முடக்கப்பட்டது. ஒரு மணி நேரம் முந்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம்.

வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாகவும் புகார் கொடுத்தேன். வாடிக்கையாளரிடமோ வங்கியிடமோ தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று அப்போது நடைமுறையிலிருந்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை கூறியது. ஆனால் வாடிக்கையாளர் ஓடிபியைத் தாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதே என்றும் அது கூறியது. மேலாளரிடம் வாதாடிப் பார்த்தேன். விதி அவர் பக்கம்தான் இருந்தது. முடக்கப்பட்ட தொகை, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து உத்தரவு பெற்ற பின், ஐந்தாவது மாதத்தில் கணக்கில் சேர்ந்தது. மீதி வரவில்லை.

இதில் என் தவறும் உண்டு. தகவல் கேட்டதும் அம்மாவை நான் கடிந்துகொண்டதால், ஆதார் எண்ணையும் சொல்லிவிட்டதை அவர் மறுநாள்வரை மறைத்துவிட்டார். அதன் பிறகே ஆதார் தளத்தில் அவருடைய கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்க முடிந்தது.

ஊசியை அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டார். புதிதாகப் பதிவு எதுவும் தேவைப்படவில்லை. பழைய அலைபேசி எண்ணும் ஆதாரும் போதுமாக இருந்தன, கட்டணமும் இல்லை. காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அம்மா அலைபேசியை என்னிடம் நீட்டி, "எண்ணை விடு, எழுத்தைப் படி" என்றார்.