வின்ச் கயிறு திருடு போனபின் நான் செய்தவை

சேற்றிலோ சரிவிலோ சிக்கிய வண்டியை இழுக்க முன் பம்பரில் மாட்டும் மோட்டார்க் கருவிதான் வின்ச், அதன் கயிறு டிரம் என்ற உருளையில் சுற்றியிருக்கும். மோட்டாருக்குக் கரன்ட் போகாவிட்டால் அந்தக் கயிறு வெளியே வராது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வரும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் கிளட்ச் லீவரை ஃப்ரீ ஸ்பூலுக்குத் திருப்பிவிட்டால் டிரம் லேசாகச் சுழலும். கொக்கியைப் பிடித்து நடந்துகொண்டே போனால் முழுக் கயிறும் தரைக்கு வந்துவிடும். டிரம்மோடு அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூ. கையில் கத்தி இருந்தால் அதைக் கழற்றவும் தேவையில்லை. சாவி, ரிமோட், பேட்டரி எதுவும் வேண்டாம், சத்தமும் வராது.

என் மஹிந்திரா தார் ஜீப்பில் நடந்தது இதுதான். கோவையில் எங்கள் வீட்டுக்கு போர்ட்டிகோ கிடையாது, வண்டி தெருவில்தான் நிற்கும். ஒரே ராத்திரியில் சிந்தெடிக் கயிறு, அதன் கொக்கி, முன் பம்பரில் மாட்டியிருந்த பௌ ஷேக்கிள்கள் (இழுவைக்கான இரும்பு வளையங்கள்) எல்லாம் போயிருந்தன. வின்ச் மோட்டாருக்குக் கரன்ட் விடும் கன்ட்ரோல் பாக்ஸை உடைத்து வயர்களை வெட்டியிருந்தார்கள். வின்ச்சையே கழற்றவும் பார்த்திருக்கிறார்கள். அடியில் இருக்கும் நான்கு போல்ட்டில் இரண்டு கழன்று கிடந்தன. மற்ற இரண்டும் சேற்றிலும் துருவிலும் இறுகிப் போயிருந்ததால் வின்ச் தப்பித்தது.

முதலில் எதையும் தொடாமல் போட்டோ எடுத்தேன். வெட்டுப்பட்ட வயர் முனைகள், காலி டிரம், கழன்ற போல்ட், வண்டி நம்பர் தெரிகிற மாதிரி முழு வண்டி. அப்புறம் எதிர் வீட்டு அக்காவிடம் போய் கேமரா பதிவைக் கேட்டு, அன்றைக்கே பென் டிரைவில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக் கேமராக்களில் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். இரண்டு பேர் குனிவதும் எழுவதும் தெரிந்ததே தவிர முகம் தெரியவில்லை. ஆனாலும் நேரம் உறுதியானது, புகாருக்கு அது பெரிய உதவி. வழக்கு கோர்ட்டுக்குப் போனால், அந்தப் பதிவோடு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் தர வேண்டியிருக்கும். அதனால் அக்கா வீட்டில் ஒரிஜினலை அழிக்காமல் வைத்திருக்கும்படி சொல்லிவைத்தேன்.

ஸ்டேஷனில் முதலில் வந்த கேள்வி, “கயிறுதானேங்க, எவ்வளவு இருக்கும்?” என்பது. கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். வின்ச் கயிறு என்றதும் யாருக்கும் கிணற்றுக் கயிறுதான் நினைவுக்கு வரும். பில்லை எடுத்துக் காட்டியதும் பேச்சு மாறியது. புகாரில் மதிப்பை எழுத்தில் குறிப்பிடுவது ரொம்ப முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303(2) பிரிவில் வருகிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய குற்றமாக அது வராது. ‘வின்ச் கயிறு ஒன்று, கொக்கி ஒன்று’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் நின்றுபோகலாம். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே பில் தொகையை எழுதி, கீழே கூட்டிப் போட்டு, பில் நகல்களையும் சேர்த்துக் கொடுத்தேன். திருடு போனதைத் தனியாகவும், உடைத்ததை, வெட்டியதைத் தனியாகவும் எழுதினேன்.

எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்து மூலம் அனுப்பலாம். எனக்கு அந்த நிலை வரவில்லை. சி.எஸ்.ஆர். முதலில் கையில் வந்தது, எஃப்.ஐ.ஆர். பின்னால் வந்தது. இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொண்டால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வராத மின்சாரப் பொருள்களை ஐ.எம்.டி. 24 என்ற சேர்க்கையின் கீழ் பாலிசியில் தனியாக எழுத வேண்டும். பழைய மோட்டார் டாரிஃப் கணக்கில் அதற்கு மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம். 40,000 ரூபாய் வின்ச் என்றால் வருடத்துக்கு 1,600 ரூபாய், அதற்கு மேல் வரி. என் பாலிசியில் வின்ச் அப்படி எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் க்ளெய்ம் வாசலிலேயே திரும்பியிருக்கும்.

வெள்ளை போர்டு சொந்தக் காருக்கான முழு பாலிசி, வண்டி மேல் இருக்கும் உதிரிப் பொருள் மட்டும் திருடு போனாலும் இழப்பீடு தரும். மஞ்சள் போர்டு வண்டிகளின் பாலிசியில் அப்படி இல்லை. வண்டியும் சேர்ந்து போனால்தான் உதிரிப் பொருளுக்குப் பணம் என்று விலக்கு போட்டிருக்கிறார்கள். இரு சக்கர வாகனத்துக்கும் அதே கதைதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் ஜீப்காரர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வின்ச் அவர்கள் பிழைப்புக்கான கருவி, பாதுகாப்பு மட்டும் என்னைவிடக் குறைவு. அப்படி ஓட்டுகிறவர்கள் இன்ஷூரன்ஸை நம்பாமல் கீழே சொல்லும் இரும்பு வேலையில் பணம் போடுவதே நல்லது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை வெட்டிய வயரைக்கூட நான் சரிசெய்யவில்லை. அவர் கணக்கு இப்படிப் போனது. கயிறு நைலான், பிளாஸ்டிக் வகையில் வருவதால் 50 சதவீதம் தேய்மானம். வண்டிக்கு மூன்று வயது தாண்டி நான்கு ஆகாததால் மற்றவற்றுக்கு 25 சதவீதம். கயிறு 14,000-க்கு 7,000 ரூபாய், கன்ட்ரோல் பாக்ஸ் 10,000-க்கு 7,500 ரூபாய். அதில் 1,500 சிசிக்கு மேற்பட்ட கார்களுக்கான கட்டாயக் கழிவு (நாமே ஏற்க வேண்டிய பங்கு) 2,000 போக, கையில் வந்தது 12,500. ஷேக்கிள்கள் பாலிசியில் இல்லை, அதனால் அதற்கு ஒன்றும் இல்லை. க்ளெய்ம் எடுத்ததால் க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைத்த 35 சதவீதத் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கொக்கியும் ஷேக்கிளும் மட்டும் போயிருந்தால் க்ளெய்ம் பக்கமே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். போனஸில் இழப்பது அதைவிட அதிகமாகிவிடும்.

சரி, இரும்பு வேலைக்கு வருவோம். கோவையில் இருப்பதன் சுகம், நினைத்ததைச் செய்து தர ஒரு லேத் பட்டறை எப்போதும் பக்கத்தில் இருக்கும். எனக்கு வேலை பார்த்துத் தந்தவர் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, நாற்பதாயிர ரூபாய்ச் சாமானை நாலு போல்ட்டில் மாட்டியிருக்கீங்க. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எல்லார் வீட்லயும் இருக்குமே” என்றார்.

உடையும் தலை கொண்ட திருட்டுத் தடுப்பு போல்ட்டுகளை நான் முதலில் யோசித்தேன். முறுக்கினால் ஒரு கட்டத்தில் தலை தெறித்துவிடும், அதற்குப் பிறகு கழற்றப் பிடிமானமே இருக்காது. சோலார் பேனலுக்கும் பெயர்ப் பலகைக்கும் போடுவார்கள். கடையில் சுலபமாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், வலிமை குறைந்தவை. நான்கு டன் இழுவையைத் தாங்கும் வின்ச்சுக்கு 8.8 கிரேடுக்குக் (கிரேடு எண் கூடக் கூட வலிமை கூடும்) குறைந்த போல்ட்டைப் போடவே கூடாது. திருடனைத் தடுக்கப் போய், மலைச் சரிவில் வின்ச் பிய்த்துக்கொண்டு வந்தால் உயிருக்கே ஆபத்து.

பட்டறைக்காரர் சொன்ன வழி இதைவிட எளிது. 12.9 கிரேடு எம்10 ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போட்டு, சரியான டார்க்கில், அதாவது சரியான முறுக்கு அளவில், முறுக்கினோம். ஆலன் தலையின் குழி 8 மி.மீ. அகலம். சைக்கிள் கடையில் கிடைக்கும் 5/16 இஞ்ச் பால்ஸ் (பேரிங் இரும்புக் குண்டு) 7.94 மி.மீ. ஒரு பால்ஸை உள்ளே போட்டால் குழிக்குள் கச்சிதமாக உட்காரும், விரல் நகத்தால் நோண்டினால் வராது. அதன் மேல் எம்-சீல் என்ற ஒட்டுப் பசையைப் பிசைந்து அழுத்தி, காய்ந்ததும் கறுப்பு பெயின்ட் அடித்தோம். அடியில் படுத்துப் பார்க்கிறவனுக்குக் குழியே தெரியாது. தெரிந்தாலும் எம்-சீலைக் குடைந்து பால்ஸை வெளியே எடுக்காமல் ஆலன் கீ இறங்காது. சர்வீஸுக்கு எனக்கு வேண்டும்போது ஹீட் கன்னால் எம்-சீலை இளக்கி, காந்தத்தால் பால்ஸை எடுத்துவிடலாம். பக்கவாட்டில் பைப் ரெஞ்ச் பிடிக்காதபடி ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கனமான பைப் துண்டை வெல்ட் அடித்தார். மொத்தச் செலவு ஒரு நல்ல பூட்டின் விலைக்கு மேல் போகவில்லை.

கிளட்ச் லீவருக்கு 5 மி.மீ. இரும்புப் பட்டையில் ஒரு மூடி. கியர்பாக்ஸ் முனையை அப்படியே மூடிக்கொள்ளும், பக்கத்தில் கீல், முன்னால் பூட்டு. கயிறு டிரம்மில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், லீவரைத் தொட முடியாது. என்னைக் கேட்டால், ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

கன்ட்ரோல் பாக்ஸை பம்பரிலிருந்து பானெட்டுக்குள் கொண்டுபோனோம். பழைய ஜீப்களில் பானெட் கொக்கி இரண்டு பக்கமும் வெளியிலேயே இருக்கும், அவற்றில் கொக்கிக்கும் பூட்டு போட்டால்தான் இதனால் பயன். பேட்டரிக்கும் வின்ச்சுக்கும் நடுவே கரன்ட்டை முழுவதும் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் சுவிட்ச் வைத்து, அதன் சாவியை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சிவப்புச் சாவியோடு மலிவாகக் கிடைக்கும் சுவிட்சுகளை வாங்காதீர்கள். 9,500 பவுண்டு வின்ச் முழுப் பளுவில் 400 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். அவை அந்தச் சூட்டில் உருகிவிடும். ஐசொலேட்டர் அணைந்திருந்தால் யாரும் ரிமோட்டைச் சொருகி விளையாட முடியாது, அதற்கும் வின்ச்சுக்கும் நடுவே வெட்டுப்பட்ட வயர் பாடியில் பட்டுத் தீப்பிடிக்கவும் வாய்ப்பில்லை.

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி வரும்படி வாங்கினேன். சகதியில் சிக்கி, மழையில், நான்கு சாவிகளில் எது என்று தேடிக்கொண்டிருக்கும் பாதுகாப்பு யாருக்கும் வேண்டாம். ஷேக்கிள், ஸ்னாட்ச் பிளாக் (கயிற்றைத் திருப்பி விடும் கப்பி), ரிமோட் எல்லாம் ஒரு பையில் போட்டு வீட்டுக்குள் போய்விடும். டிரம் விளிம்பிலும் மோட்டார் மூடியிலும் வண்டி நம்பரை என்கிரேவரால் பொறித்து, சீரியல் நம்பர் பிளேட்டையும் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து மெயிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

திருட்டைவிட எனக்குப் பயம் தருவது பாதி வெட்டு. தெருவில் நிற்கும் வண்டியின் கயிற்றில் யாராவது வேடிக்கையாகக் கத்தியை ஓட்டிவிட்டுப் போனால், அது மேலே தெரியாது. பளு ஏறும்போதுதான் அறுந்துபோகும். சிந்தெடிக் கயிறு எஃகுக் கம்பி அளவுக்குச் சாட்டை மாதிரி வீசி அடிக்காது என்பது உண்மை, ஆனால் முனையில் இருக்கும் கொக்கி அடிக்கும், சரிவில் வண்டி பின்னால் உருளும். அதனால் காட்டுக்குக் கிளம்பும் முன்தினம் கயிற்றை முழுக்க வெளியே இழுத்து, கையுறை இல்லாமல் விரலிடுக்கில் விட்டு ஓட்டிப் பார்க்கிறேன். எங்கேயாவது நார் சிலிர்த்திருந்தால், இழை தட்டையாகி இறுகியிருந்தால் விரலுக்கு உடனே தெரியும். பிறகு லேசாகப் பளு கொடுத்து, சீராகச் சுற்றி ஏற்றுகிறேன்.

திருடியவர்கள் இன்னும் பிடிபடவில்லை, வழக்கு நிலுவையில் இருக்கிறது. கூரையில் இருக்கும் லைட் பாரும் பின்னால் இருக்கும் ஜெர்ரி கேனும் பாக்கி. லைட் பாருக்கு இதே ஆலன் போல்ட், பால்ஸ் வேலைதான். கேன் ஸ்டாண்டுக்கு பட்டறையில் அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.