தீபாலதின்னெ: சில நாட்குறிப்புகள்

ஜனவரி 8

எழும்பூர் அருங்காட்சியகம். இந்த ஊரிலேயே முப்பது வருடம் கட்டட வேலை பார்த்தவன், அமராவதிக் கூடத்துக்குள் ஒழுங்காக நின்று பார்த்தது இன்றைக்குத்தான். ஆந்திராவின் அமராவதியில் இருந்த பெரிய தூபியின், அதாவது பௌத்தர்கள் கட்டிய அரைக்கோள நினைவு மேட்டின், கற்கள் இங்கே இருக்கின்றன. நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தின் முன்னால் எல்லோரும் நிற்கிறார்கள். நானும் நின்றேன். ஒரே வட்டத்துக்குள் இரண்டு காட்சி: மதம் பிடித்துத் தெருவில் ஓடும் யானை, பக்கத்திலேயே மண்டியிடும் அதே யானை. மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற கூட்டத்தைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறான்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது தூபியைச் சுற்றியிருந்த வேலியின் தூண்கள். தூணின் பக்கவாட்டில் லென்ஸ் வடிவக் குழிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று. குறுக்குக் கல்லின் முனையை அதில் சொருகி, மேலே உத்தரக் கல்லை உட்கார வைத்திருக்கிறார்கள். கழுந்தும் துளையும்! தச்சன் மரத்தில் செய்வதை அப்படியே கல்லில் செய்திருக்கிறான். கல்லும் கருங்கல் இல்லை. பல்நாட்டுப் பக்கத்து வெளிர்பச்சைச் சுண்ணாம்புக்கல். உளிக்கு இணங்கும். ஆனால் சுண்ணாம்புக்கல்லாக இருந்ததே அதற்கு எமனாகவும் ஆனது. பல பலகைகளைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக எரித்துவிட்டார்கள்.

ஜனவரி 11

இரண்டு நாளாகப் படிப்பு.

1790களில் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் அமராவதிக்குக் குடிவந்து ஊரை விரிவாக்கினார். பக்கத்தில் தூபி புதைந்த ஒரு மேடு, பெயர் தீபாலதின்னெ. நம் திண்ணை காதில் விழுகிறது, ஆனால் தெலுங்கில் விளக்குகளின் மேடு. செங்கல்லும் கல்லும் சும்மா கிடைக்கும் இடம் என்றால் யார் விடுவார்? தோண்டினார்கள். செய்தி கேட்டு 1797இல் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி வந்து பார்த்தார். அவர் ஓவியர்களோடு திரும்பி வந்தது 1816இல். அதற்குள் தூபியின் நடுப்பகுதியைக் குளமாக வெட்டிவிட்டிருந்தார்கள். எஞ்சியதை அளந்து வரையவைத்தார், எண்பதுக்கும் மேற்பட்ட தாள்கள். இன்று நமக்குக் கிடைத்த ஆதாரங்களில் அவை முக்கியமானவை.

1845இல் சென்னை அரசு அதிகாரி வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்கு அனுப்பிய கற்கள் வருடக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் 121 கற்கள் கப்பலேறி லண்டன் போயின. 1880இல் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு மேடு முழுவதையும் தோண்டிச் சுத்தப்படுத்த உத்தரவிட்டார். அடுத்த வருடம் தொல்லியலாளர் ஜேம்ஸ் பர்ஜெஸ் வந்தபோது இருந்தது பெரிய குழி. இதைக் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறார்கள். எங்கள் தொழிலில் இதற்கு வேறு பெயர்: டெமாலிஷன்.

ஜனவரி 18

விஜயவாடாவிலிருந்து பஸ். “எந்த அமராவதி?” என்று கேட்டார் கண்டக்டர். புதுத் தலைநகரம் இந்த ஊரின் பெயரை எடுத்துக்கொண்டதால் பழைய ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒரு தொல்லை.

புல் முளைத்த வட்ட மேடு, சில தூண்கள், செதுக்காத பலகைகள். அவ்வளவுதான். ஏமாற்றம் பத்து நிமிடம் இருந்தது. அப்புறம் நடக்க ஆரம்பித்தேன்.

வெளி வேலியின் விட்டம் கிட்டத்தட்ட 59 மீட்டர், தூபியின் வட்டமான அடிமேடை 49. இடையே சுமார் நான்கு மீட்டர் அகலத்தில் வலம் வரும் பாதை. ஒரு பக்கம் ஆளுயரத்தைத் தாண்டிய கல் வேலி, மறுபக்கம் சிற்பப் பலகைகள் போர்த்திய அடிமேடை. நடக்கிறவனுக்கு வெளியே ஊர் தெரியாது. நான்கு திசையிலும் அடிமேடை ஆயகம் என்னும் ஒரு மேடையாக முன்னால் நீட்டிக்கொள்ளும். அதன்மேல் ஐந்தைந்து ஆயகத் தூண்கள், மொத்தம் இருபது. புத்தரின் வாழ்க்கையில் ஐந்து கட்டங்களுக்கு ஐந்து என்பார்கள். சாஞ்சி மாதிரி இங்கே தோரணவாயில் கிடையாது. வாசல்களில் சிங்கங்கள் மட்டும்.

இடிந்துபோனதன் வடிவம் இவ்வளவு விவரமாக எப்படித் தெரியும் என்றால், அடிமேடைப் பலகைகளிலேயே தூபியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்! கட்டடம் தன்னுடைய எலிவேஷன் டிராயிங்கைத் தன் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எந்தக் கன்சல்டன்டும் எனக்கு இத்தனை தெளிவாக வரைந்து தந்ததில்லை.

சுற்றி முடித்தபோது 244 எட்டு. வெயில் தாங்காமல் மரத்தடியில் உட்கார்ந்தேன்.

இங்கே கிடைத்த ஒரு பிராகிருதக் கல்வெட்டு, தமிழக் கண்ஹனும் தம்பி சுலகண்ஹனும் தங்கை நாகாவும் மகாசேத்தியத்துக்கு, அதாவது இந்தப் பெரிய தூபிக்கு, பலகை கொடுத்ததைச் சொல்கிறது. கண்ணன், சின்னக் கண்ணன் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் விதிகன் என்ற தோல் தொழிலாளி, குடும்பத்தோடு சேர்ந்து பூரணகும்பப் பலகை கொடுத்திருக்கிறான். அரசன் பெயரைவிட இந்தப் பெயர்கள்தான் எனக்கு நெருக்கமாக இருக்கின்றன. எத்தனை சைட்டில் எத்தனை பேர் பெயரை நாங்கள் எழுதாமல் விட்டிருக்கிறோம்.

ஜனவரி 20

வீடு. பிளானை ஒன்றுக்கு நூறு அளவில் போடப் பார்த்தேன். 59 சென்டிமீட்டர் வட்டம் எந்தத் தாளிலும் அடங்கவில்லை. பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஒட்டிக்கொண்டேன். வேலி, பாதை, அடிமேடை, நான்கு நீட்டல்கள். நடுவில் ஒன்றும் வரையவில்லை.

காபி கொண்டுவந்த மருமகள் குனிந்து பார்த்தாள். “என்ன மாமா, வாட்டர் டேங்க்கா?”

“ஒரு காலத்தில் அப்படித்தான் ஆக்கிவிட்டார்கள்மா” என்றேன். அவள் சிரித்தாள். தூண்களை நாளைக்கு வரைய வேண்டும்.