கோல்கீப்பருக்குப் பின்னால் வலை மட்டுமே

2018 மே 26 அன்று உக்ரைனின் கீவ் நகரில் நடந்த, ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதியாட்டம் நமக்கு நள்ளிரவு 12.15 மணிக்குத் தொடங்கியது. ரியல் மாட்ரிட்டுக்கும் லிவர்பூலுக்கும் இடையிலான அந்த ஆட்டத்தை நண்பர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தேன். 51ஆம் நிமிடத்தில் லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் கரியுஸ் கையிலிருந்த பந்தைச் சக வீரருக்கு உருட்டிவிட முயன்றார். அருகில் நின்ற ரியல் மாட்ரிட்டின் கரீம் பென்சிமா காலை நீட்ட, பந்து அந்தக் காலில் பட்டு, அவசரமே இல்லாமல் உருண்டு வலைக்குள் போனது. 83ஆம் நிமிடத்தில் கேரத் பேல் வெகுதொலைவிலிருந்து உதைத்த பந்து கரியுஸின் கைகளுக்கே வந்தும், கைகளில் பட்டு நழுவிக் கோலானது. ரியல் மாட்ரிட் 3-1 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் புல்தரையில் குப்புற விழுந்து கிடந்தவர், பிறகு எழுந்து லிவர்பூல் ரசிகர்கள் இருந்த பக்கம் நடந்துபோய், அழுதபடியே கைகளை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். அந்தக் காட்சி திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கைபேசிகளுக்குக் கேலிப்படங்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் இரண்டை நானும் பிறருக்கு அனுப்பினேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அடுத்த சில நாட்களில் கரியுஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள், இறுதியாட்டத்தின்போது அவருக்குத் தலையில் அதிர்ச்சிக் காயம் ஏற்பட்டிருந்தது என்றும், அது அவருடைய பார்வைத் திறனைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் அறிவித்தார்கள். முதல் தவறுக்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் அவர் எதிரணியின் செர்ஜியோ ராமோஸுடன் மோதி விழுந்திருந்தார். இந்தச் செய்தி வந்த பிறகு கேலி ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் தோல்விக்குச் சாக்குத் தேடுகிறார் என்று அது இன்னும் வலுத்தது. அந்தத் தவறுகள் தவறுகளே அல்ல என்று நான் வாதிட வரவில்லை. எதிரணி வீரர் இரண்டடி தொலைவில் நிற்கும்போது அப்படிப் பந்தை உருட்டக் கூடாது என்பது பள்ளிக்கூட அணியில் ஆடும் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தவறுக்கு விதிக்கப்பட்ட தண்டனையின் அளவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முன்கள வீரர் ஒரே ஆட்டத்தில் ஐந்து வாய்ப்புகளை வீணாக்கிவிட்டு ஆறாவதைக் கோலாக்கினால், மறுநாள் பத்திரிகையில் அவர்தான் நாயகன். நடுக்கள வீரர் தவறவிடும் பந்தை மீட்பதற்குப் பின்னால் நால்வர் இருக்கிறார்கள். கோல்கீப்பருக்குப் பின்னால் இருப்பது வலை மட்டுமே. இது எல்லோரும் அறிந்த கணக்குதான். ஆனால் அவர் எடுத்த முடிவு சரியா, தவறா என்பதை நாம் பார்ப்பதே இல்லை; பந்து கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை வைத்தே தீர்ப்பு எழுதுகிறோம். இதற்குப் பிரேசில் கோல்கீப்பர் மொயசிர் பார்போசாவை விடப் பெரிய சான்று கால்பந்து வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1950 உலகக் கோப்பையின் முடிவைத் தீர்மானித்த ஆட்டம் ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் நடந்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். முந்தைய ஆட்டங்களில் ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கியிருந்த பிரேசிலுக்கு, உருகுவேயுடன் சமன் செய்தாலே கோப்பை கைக்கு வந்துவிடும் என்ற நிலை. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் பிரேசில் முதல் கோலை அடித்தது. 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாகப் பாய்ந்து சென்று பந்தை உள்ளே அனுப்ப, ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79ஆம் நிமிடத்தில் அதே கிஜ்ஜியா அதே வலப்பக்கத்தில் மறுபடியும் பந்தோடு ஓடிவந்தார்.

இந்த இடத்தில் பார்போசாவின் காலடியைக் கவனிக்க வேண்டும். பதின்மூன்று நிமிடங்களுக்கு முன்பு இதே ஆள், இதே பக்கத்திலிருந்து, உள்ளே பந்தை அனுப்பித்தான் கோல் விழுந்தது. ஆகவே இம்முறையும் பந்து உள்ளேதான் வரும் என்று எதிர்பார்த்து, அதைத் தடுக்க வசதியாக அவர் கம்பத்தைவிட்டு ஓரடி நகர்ந்தார். நல்ல கோல்கீப்பர் செய்ய வேண்டியதும் அதுதான். ஆட்டத்தைப் படிப்பவரால்தான் அந்த ஓரடியை நகர முடியும். கிஜ்ஜியா பந்தை உள்ளே அனுப்பாமல், பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் நடுவே உண்டான அந்த இடைவெளியில் தாழ்வாக உதைத்தார். பார்போசா பாய்ந்தார். பந்தைத் தொட்டு வெளியே தள்ளிவிட்டதாகவே நினைத்ததாகவும், அரங்கம் முழுவதும் அடங்கிப்போனதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்ததாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2-1 என உருகுவே உலகக் கோப்பையை வென்றது.

பழி மூவர் மேல் விழுந்தது: பார்போசா, பின்கள வீரர்களான பிகோடே, ஜுவெனால். மூவருமே கறுப்பின வீரர்கள். ஓர் ஆண்டுக்கு முன்பு தென்னமெரிக்கக் கோப்பையை வென்ற பிரேசில் அணிக்குக் கோல் காத்தவர், வாஸ்கோ ட காமா கழகத்தின் பெருமைக்குரிய வீரர் என்பதெல்லாம் யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு கடையில், ஒரு பெண் தன் மகனிடம் அவரைச் சுட்டிக்காட்டி, பிரேசில் முழுவதையும் அழவைத்தவர் இவர்தான் என்று சொன்னதைத் தன் வாழ்வின் மிகத் துயரமான தருணமாக அவர் நினைவுகூர்ந்தார். 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு வீரர்களைப் பார்க்கச் சென்றபோது, அவர் வந்தால் ராசியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அன்றைய பிரேசில் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே முப்பது ஆண்டுகள்தான். நானோ ஐம்பது ஆண்டுகளாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்ன அந்த மனிதர், 2000 ஏப்ரலில் தம் 79ஆம் வயதில் இறந்தார். கம்பத்தைவிட்டு ஓரடி நகர்ந்ததற்கு ஐம்பது ஆண்டு.

ஏச்சுக்கு அஞ்சும் மனம் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்து இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உதைகளில் ஏறத்தாழ 29 சதவீதம் நடுவில் வந்திருந்தும், கோல்கீப்பர்கள் நடுவில் அசையாமல் நின்றது 6 சதவீத உதைகளுக்கு மட்டுமே. நின்றிருந்தால் தடுக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். இருந்தும் பாய்கிறார்கள், ஏனென்றால் பாய்ந்து கோல் விட்டால் முயன்றார் என்பார்கள், நின்று கோல் விட்டால் மரம்போல நின்றார் என்பார்கள்.

மன்னிப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கரியுஸின் இடத்துக்குப் பெருந்தொகை கொடுத்து லிவர்பூல் வாங்கிய ஆலிசன், 2018 செப்டம்பரில் லெஸ்டருக்கு எதிராகத் தன் கோலுக்கு அருகிலேயே பந்தை வைத்துக்கொண்டு எதிரணி வீரரை ஏமாற்றப் பார்த்து அதைப் பறிகொடுத்தார், கோல் விழுந்தது. கரியுஸின் முதல் தவறுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று லிவர்பூல் 2-1 என வென்றது, பேச்சும் அத்தோடு முடிந்தது. 2021 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 எனத் தோற்ற ஆட்டத்தில் அதே ஆலிசன் அடுத்தடுத்து இரண்டு பந்துகளை எதிரணியின் காலிலேயே கொடுத்தார். கடுமையாகப் பேசினார்கள், ஆயினும் அவருடைய இடம் பறிபோகவில்லை. அந்த ஆண்டு மே மாதம் வெஸ்ட் பிராம்விச்சுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் முன்னே ஓடிவந்து தலையால் முட்டி வெற்றிக் கோல் அடித்தார். ஆலிசன் மேலான கோல்கீப்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை. தவறிய மறுவாரமும் அதே கம்பங்களுக்கு நடுவே நிற்க அவரை அனுமதித்தார்கள். கரியுஸோ கீவ் ஆட்டத்துக்குப் பிறகு லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டத்தில்கூட ஆடவில்லை.

2023 பிப்ரவரி 26 அன்று லண்டன் வெம்ப்ளியில் நடந்த லீக் கோப்பை இறுதியாட்டத்தில் கரியுஸை மறுபடியும் பார்த்தேன். நியூகாசிலின் முதன்மைக் கோல்கீப்பர் நிக் போப் சிவப்பு அட்டையால் ஆட முடியாமல் போக, இன்னொருவர் அதே போட்டியில் வேறொரு அணிக்கு ஆடியிருந்ததால் விதி அவரைத் தடுக்க, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகப் போட்டி ஆட்டம் எதுவும் ஆடாத கரியுஸ் களமிறங்கினார். நியூகாசில் 2-0 என மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது. விழுந்த இரண்டு கோல்களிலும் அவர்மேல் குறைசொல்ல ஏதுமில்லை. சில நல்ல தடுப்புகளையும் செய்தார். பந்து அவர் கைக்கு வந்த ஒவ்வொரு முறையும் என் கண்கள் அதைவிட்டு, அருகில் எதிரணி வீரர் எவராவது நிற்கிறாரா என்றே தேடின. அவர் ஒரு கணம் நிறுத்தி, சுற்றிலும் பார்த்துவிட்டுப் பந்தை அனுப்பினார். அது சக வீரரின் காலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே நான் மூச்சுவிட்டேன்.