இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள்

இரண்டு வயதாகியும் என் மகனுக்குத் தலை நிற்கவில்லை. மூளை முடக்குவாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு சரியாக வராத நிலை என்று மருத்துவர் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்துவரச் சொன்னார்கள். எங்கள் கிராமம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். நான் பீடி சுற்றுகிறேன். போகிற நாளெல்லாம் கூலி இல்லை. ஐந்தாவது வாரம் நிறுத்திவிட்டேன். அதற்காக இரவில் அழாத நாள் இல்லை.

அங்கன்வாடி ஆசிரியை, கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மகனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அங்கிருந்து சிறப்பாசிரியர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பயிற்சி தருவார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு வலிக்குமோ என்ற பயத்தில், பச்சைக்குழந்தையைப் போல இரண்டு கையிலும் கிடத்தித்தான் அவனைத் தூக்குவேன். அவர் பார்த்தவுடன், "இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் கால்கள் இடுப்பில் உட்கார்ந்தால் விரிகின்றன. தலையைத் தூக்கித் தெருவைப் பார்க்க அவனுக்கும் ஆசை வருகிறது. என் அம்மா என்னைத் தூக்கியதும் அப்படித்தானே! தண்ணீர் பிடிக்கப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும் அதுவே எங்களுக்குப் பயிற்சியாகிவிட்டது.

சோறு ஊட்டுவதையும் அவர்தான் மாற்றினார். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுவேன், தினமும் புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பழைய சேலையைச் சுருட்டி அணைகொடுத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி எதிரிலிருந்து சிறு கரண்டியால் கொடுக்கச் சொன்னார். புரையேறுவது வெகுவாகக் குறைந்தது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கியதுதான் பெரும்பாடு. முதல்முறை போனபோது, பார்க்கவேண்டிய மருத்துவர் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிள்ளையைச் சுமந்துகொண்டு வெயிலில் நின்றவர்களிடம் அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டாம் முறை புகைப்படம் குறைந்தது. பிறகு ஒன்றியத்தில் நடந்த மருத்துவ முகாமில் குறைபாடு 80 சதவீதம் என்று எழுதிக்கொடுத்தார்கள். இ-சேவை மையத்தில் அடையாள அட்டைக்குப் பதிந்தோம், தபாலில் வந்தது. அதை வைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். இப்போது மாதம் 2,000 ரூபாய் வருகிறது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துக்காக நான் இரண்டு மாதம் அலைந்தேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் ஒன்பது தாய்மார்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றி எனக்குச் சொன்னது அதிகாரி அல்லர், பதினான்கு வயது மகளை வைத்திருக்கும் ஓர் அக்கா. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். அந்த அக்காவுக்கு இதைச் சொல்ல அன்று யாருமே இல்லையாம். அதனால்தான் புதிதாக யார் வந்தாலும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருகிறார்.

மகனுக்கு ஐந்து வயதாகிவிட்டது. முதுகையும் இரண்டு பக்கத்தையும் தாங்கும்படி ஊர்த் தச்சர் செய்துகொடுத்த மூலை நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறான். அவனுடைய சான்றிதழ் தற்காலிகமானது, அடுத்த மாதம் மறுபரிசோதனைக்குப் போகவேண்டும். அந்த அக்காவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.