சிமிட்டும் ரயர் லைட்: திருகோணமலையில் சென்சார் மாற்றிய முறை

டாஷ்போர்டில் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் ரயர் லைட் இரண்டு விதமாக எரியும். ஸ்டார்ட் பண்ணியதில் இருந்து அணையாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. ஆணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் காற்று அடித்தால் போதும். முதலில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டு அதன்பின் அணையாமல் எரிந்தால் கோளாறு காற்றில் இல்லை. சக்கரத்துக்குள் இருந்து காற்றின் அளவை அனுப்பும் சென்சார்களில் ஏதோ ஒன்றின் சிக்னல் வந்து சேரவில்லை. நாங்கள் கையில் எடுத்தது ஜப்பானில் இருந்து இறக்கிய டொயோட்டா. அதன் லைட் சிமிட்டியது.

சென்சார் தேடப் புறப்படும் முன், காரில் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்டா, வோக்ஸ்வாகன், ஹொண்டா கார்கள் பலவற்றில் சக்கரத்துக்குள் எதுவுமே கிடையாது. காற்றுக் குறைந்த ரயர் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழல்வதை ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வழியாகக் கார் கண்டுகொள்கிறது. அந்த வகைக்குக் காற்றைச் சரிபண்ணி ரீசெட் கொடுப்பதுதான் வேலை.

அடுத்தது ஸ்கேனர். கோளாறு பார்க்கும் ஓ.பி.டி. சொக்கெட்டில் மாட்டி, காரின் கணினியான ஈ.சி.யு.வில் பதிந்திருந்த நான்கு சென்சார் எண்களையும் (ஐ.டி.) வாசித்து எழுதி வைத்துக்கொண்டோம். பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் கருவியை வால்வுக்குப் பக்கத்தில், ரயரின் பக்கச் சுவரில் பிடித்து சென்சாரை எழுப்பும் 125 கிலோஹெர்ட்ஸ் தூண்டல் கொடுக்க வேண்டும். றிம்மின் மேல் பிடித்தால் உலோகம் தடுத்துவிடும். மூன்று சக்கரம் பதில் தந்தது. பின் இடது பக்கம் ஊமை. பற்றரி தீர்ந்துவிட்டது. பிசின் ஊற்றி மூடியிருப்பதால் பற்றரியை மட்டும் மாற்ற வழியில்லை. பொதுவாக 5 முதல் 10 வருடம் உழைக்கும். ஒன்று போனால் அதே வயதுள்ள மற்ற மூன்றும் நெடுநாள் தாங்காது. ரயர் மாற்றும் நேரமாக இருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் இலாபம்.

காசு அதிகம் வீணாகும் இடம் சென்சார் சிக்னல் அனுப்பும் அலைவரிசை. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் செய்த வாகனங்கள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவுக்குச் செய்தவை 433.92. பென்ஸ், பி.எம்.டபிள்யூ. என்றாலும் ஜப்பான் வழியாக வந்திருந்தால் 315 ஆக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒன்லைனில் விற்கும் மலிவுச் சென்சார்கள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். பழையதைக் கழற்றி மேலே அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் ஓர்டர் போடாதீர்கள். இரண்டு அலைவரிசையிலும் புரோகிராம் பண்ணக்கூடிய வெற்றுச் சென்சார் கிடைத்தால் இந்தத் தலையிடி இல்லை.

ரயரைக் கழற்றும்போது அதன் விளிம்பை (பீடிங்) றிம்மில் இருந்து பிரிக்கும் மெஷின் கரண்டி வால்வுக்கு நேரெதிர்ப் பக்கத்தில் விழ வேண்டும். வால்வுப் பக்கம் விழுந்தால் நல்ல சென்சாரும் உடையும். கடற்கரை ஊர்களுக்கு இதில் இன்னொரு வில்லங்கம். சென்சாரின் வால்வ் தண்டு அலுமினியம். கடையில் சும்மா கிடக்கும் பித்தளை வால்வ் கோரை (வால்வுக்குள் இருந்து காற்றை அடைக்கும் சிறு ஊசி) அதில் முறுக்கினால், உப்புக் காற்றின் ஈரத்தில் இரண்டு உலோகமும் அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு கோரைக் கழற்றப் போனால் தண்டே முறிந்து வரும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடும் கார்களில் நிக்கல் பூசிய கோரும் பிளாஸ்டிக் மூடியும்தான் போட வேண்டும். அழகுக்குப் போடும் பித்தளை மூடி வேண்டாம். ரயரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் றப்பர் வளையம், நட், கோர் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். நட்டை ஸ்பானரால் கண்மண் தெரியாமல் இறுக்காமல், சென்சார்ப் பெட்டியில் குறித்த அளவுக்கு டோர்க் ரென்ஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இறுக்கவும்.

புதுச் சென்சாரைப் பொருத்துமுன் அதன் ஐ.டி.யைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ரயர் ஏறிவிட்டால் கருவி இல்லாமல் அந்த எண் கிடைக்காது. புரோகிராம் பண்ண இரண்டு வழி. பழைய ஐ.டி.யையே புதியதில் எழுதிவிட்டால் ஈ.சி.யு.வைத் தொட வேண்டியதில்லை. செத்த சென்சார் பதில் தராவிட்டாலும் முதலில் எழுதி வைத்த பட்டியலில் எண் இருக்கிறது. அல்லது புது ஐ.டி.யை ஓ.பி.டி. வழியாக ஈ.சி.யு.வில் எழுத வேண்டும். நாங்கள் செய்தது முதல் வழி. எழுதும்போது மற்றச் சென்சார்களைச் சில மீற்றர் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் கருவி வேறொன்றோடு பேசிவிடும்.

பிறகுதான், இப்போதுள்ள காற்றே சரியான அளவு என்று காருக்குச் சொல்லும் செட் பட்டன். டொயோட்டாக்கள் பலவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும்; லைட் மெதுவாக மூன்று தரம் சிமிட்டும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அமுக்குமுன் நான்கு ரயரும் ஆறியிருந்து, சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். 230 கே.பி.ஏ. என்றால் 33 பி.எஸ்.ஐ. லைட்டை அணைக்க என்று குறைந்த காற்றோடு அமுக்கினால் அந்தக் குறைவையே சரியென்று கார் எடுத்துக்கொள்ளும். பிறகு உண்மையில் காற்று இறங்கினாலும் நேரத்துக்குச் சொல்லாது. மத்தியான வெயிலில் கந்தளாயில் இருந்து ஓடி வந்த கையோடு காற்றை அளந்து செட் பண்ணுவதும் பிழை. சூட்டில் 33 காட்டும் ரயர் விடியற்காலையில் 29, 30க்கு இறங்கும். அதே கார் நுவரெலியாக் குளிருக்குப் போனால் லைட் எரிந்தாலும் ஆச்சரியமில்லை. அங்கே கையில் பிடிக்கும் கேஜ் டாஷ்போர்டைவிடக் கூடக் காட்டலாம்: சென்சார் அளப்பது வெளிக்காற்றின் அமுக்கமும் சேர்ந்த முழு அமுக்கத்தை, மலையில் வெளிக்காற்றின் அமுக்கம் குறைவு, அதைக் கழிக்கும் கணக்குச் சில கார்களில் இல்லை.

கடைசியில் ஓடவிட வேண்டும். நிற்கும் காரில் சென்சார் தூங்கிக்கொண்டிருக்கும். நிலாவெளி ரோட்டில் 40க்கு மேல் ஒரு பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டினால் நான்கு அளவும் வந்துவிடும்.

அதன்பிறகும் எப்போதாவது சிமிட்டினால் சென்சாரைக் குறை சொல்லுமுன் மலிவு டாஷ்கேம், சிகரெட் லைட்டர் சார்ஜர், பிறகு போட்ட எல்.ஈ.டி. பல்ப் இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். இவை எழுப்பும் வானொலி இரைச்சலில் சிக்னல் அமுங்கிப் போகும். பஞ்சர் ஒட்டும் திரவம் ஊற்றியிருந்தால் சென்சாரின் துளை அடைபட்டிருக்கலாம். அதற்கு ரயரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.