மறதியா, மனத்தில் ஏறவே இல்லையா?

ஜூன் 3, செவ்வாய்

"சொன்னதெல்லாம் மறந்துபோகிறது" என்று வரும், பிடிஎஸ்டி (போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) உள்ள முன்னாள் படைவீரரிடம் முதலில் பார்க்க வேண்டியது, கேட்டது மனத்தில் ஏறியதா என்பதைத்தான். ரே சொற்பட்டியல் சோதனை அதற்குத் தோது. தொடர்பில்லாத 15 சொற்களை நொடிக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்க வேண்டும். நினைவில் நின்றதை எந்த வரிசையிலும் சொல்லலாம். இப்படி 5 சுற்று. பிறகு வேறு 15 சொற்கள், ஒரே முறை. உடனே பழைய பட்டியலைக் கேட்க வேண்டும். 20 முதல் 30 நிமிடம் கழித்து, வாசிக்காமலே இன்னொரு தடவை.

இடைவேளையில் சொல் சம்பந்தமான வேறு சோதனை வைத்தால் எல்லாம் பாழ், கலந்துவிடும். படம், கட்டம் என்று எதையாவது கொடுக்கலாம்.

ஜூன் 4, புதன்

பிடிஎஸ்டியில் அடிக்கடி தெரிவது: 5 சுற்றிலும் சொற்கள் மெதுவாகவே கூடும், இரண்டாம் பட்டியலின் சொல் முதலாவதில் புகும். ஆனால் ஏறியது பெரும்பாலும் அரை மணிக்குப் பிறகும் நிற்கும். அல்சைமரில் ஏறிய கொஞ்சமும் வழிந்துவிடுகிறது. பிடிஎஸ்டியில் சொற்கள் மெதுவாக ஏற, கவனத்தில் ஒரு பங்கு வாசலிலும் சத்தத்திலும் காவல் நிற்பது ஒரு காரணம். நாற்காலியைக் கதவு கண்ணில் படும்படி போடுவது நல்லது. சின்ன விஷயம்தான், முதுகுப் பக்கம் கதவு இருந்தால் பாதி கவனம் அங்கேயே போய்விடும்.

ஜூன் 9, திங்கள்

மூளை ஸ்கேனில் ஹிப்போகேம்பஸ் (புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதி) சிறிதாக இருப்பதைக் கண்டதும் "போர் சுருக்கியது" என்று எழுதக் கை வரும். 2002-இல் மார்க் கில்பர்ட்சன் குழுவின் ஆய்வைப் படித்தவர் தயங்குவார். ஒரே கரு இரட்டையரில் ஒருவர் வியட்நாம் போருக்குப் போனவர். அவருக்குக் கடுமையான பிடிஎஸ்டி என்றால், போர் பாராத சகோதரருக்கும் ஹிப்போகேம்பஸ் சிறிதாகவே இருந்தது. பிறவியிலேயே இருந்த பலவீனமாகவும் இருக்கலாம்.

அதற்காகப் போர் எதுவுமே செய்யவில்லை என்றும் ஆகாது. ஈராக் சென்ற அமெரிக்கத் தரைப்படையினரைப் புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் சோதித்த ஆய்வில் (2006), போகாதவர்களோடு ஒப்பிட்டால் தொடர்கவனமும் சொல் கற்றலும் சற்றுக் குறைவு. எதிர்வினை வேகம் மட்டும் கூடியிருந்தது!

ஜூன் 14, சனி

55 வயதும் அதற்கு மேலும் ஆன 1,81,093 அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் பதிவேடுகளைப் பார்த்த 2010 ஆய்வு: 7 ஆண்டில் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் தேயும் நோய்) வந்தது, பிடிஎஸ்டி உள்ளவர்களில் 10.6%, இல்லாதவர்களில் 6.6%. தொடர்பு இருக்கிறது, காரணம் இதுதான் என்பதற்கு இது போதாது.

பிடிஎஸ்டி மேல் பழி போடுமுன் தூக்கத்தில் மூச்சடைப்பு, மது, குண்டுவெடிப்பில் பட்ட தலைக்காயம் மூன்றையும் விசாரிக்க வேண்டும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் பென்சோடயசெபைன் மாத்திரையே புதிய நினைவு பதிவதைக் கெடுக்கும். அதை எப்போது விழுங்கினார், முந்தின இரவு எத்தனை மணி தூங்கினார் என்று விடைத்தாளின் தலைப்பிலேயே குறிக்க வேண்டும். மறுசோதனைக்கு வேறு பட்டியல். பழையதையே வைத்தால் பழக்கத்தால் கூடிய மதிப்பெண்ணைக் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடுவோம்.