வயிற்றைப் பற்றிக் கேட்காத நாட்கள்

தருமபுரி மாவட்டத்தில் பொது மருத்துவப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றத் தொடங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. இதயச் செயலிழப்போடு வருபவரைக் கட்டிலில் அமர்த்தியதும் என் கை தானாகவே அவர் கணுக்காலுக்குப் போகும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெல்ல நிரம்புகிறதா என்று பார்ப்பேன். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா என்று கேட்பேன். எடையையும் சிறுநீரின் அளவையும் தாளில் குறிப்பேன். ஆனால் நோயாளிகள் தாமாக முதலில் சொல்வது பெரும்பாலும் வயிற்றைப் பற்றித்தான். "ரெண்டு உருண்டை களி தின்னவனுங்க, இப்ப ரெண்டு வாய் உள்ள போனாலே வயிறு கல்லாட்டம் ஆயிடுதுங்க சிஸ்டர்" என்று பாலக்கோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதை வாயுத் தொல்லை என்று எண்ணி, அதற்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது.

இதயச் செயலிழப்பில், அதாவது இதயம் இரத்தத்தைப் போதிய விசையோடு தள்ள முடியாமல் போகும்போது, திரும்பி வரும் இரத்தம் சிரைகளில் தேங்குகிறது. கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. கல்லீரலும் குடலும் அதேபோல் வீங்குவது தெரிவதில்லை. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் குடல்சுவர் தடித்திருப்பதையும், அதன் கசிவுத்தன்மை கூடியிருப்பதையும் காட்டியது. அப்படிக் கசியும் சுவர் வழியே குடல் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் அழற்சியைத் தூண்டி, ஏற்கெனவே தளர்ந்த இதயத்தை மேலும் தளர்த்தக்கூடும் என்பது இத்துறையில் பேசப்படும் கருத்து. உடலில் வீக்கத்தோடு வந்தவர்களின் இரத்தத்தில் அந்த நச்சு அதிகமாக இருந்ததையும், நீர் பிரியும் மருந்து கொடுத்து வீக்கம் வடிந்தபின் அது குறைந்ததையும் 1999இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் நீர் மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் வீக்கம் குறையாதவருக்கு, அதே மருந்தை ஊசியாகப் போட்டதும் நீர் பிரிவதை வார்டில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். வீங்கிய குடல் மாத்திரையை மெதுவாகத்தான் உறிஞ்சும் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னால் படித்தபோது, மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று எத்தனை பேரைக் கடிந்திருப்பேன் என்ற எண்ணம் வந்து மனம் மிகவும் வருந்தியது.

குடலையும் இதயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தவர் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய். ஐம்பது வயதைத் தாண்டியவர். சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, நாடித்துடிப்பும் ஒழுங்கிழந்திருந்தது. இதயத்துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிகாக்சின் மாத்திரையை வாரத்தில் ஐந்து நாள் மட்டும் எடுத்துக்கொண்டு, சனி ஞாயிறு விட்டுவிடும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. மூன்று நாளாக வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று வந்தார். வயிற்றுக் கோளாறு என்றே நான் முதலில் குறித்தேன். நாடியைப் பிடித்தபோது நிமிடத்துக்கு 44, மிகக் குறைவு. வாந்தியும் மஞ்சள் பார்வையும் இப்படித் தளர்ந்த நாடியும் டிகாக்சின் உடலில் மிகுந்துவிட்டதன் அடையாளங்கள். பணியிலிருந்த மருத்துவர் அவருடைய மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டச் சொன்னார். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகளுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டில் வந்து கொடுத்த மாத்திரைகளுக்கும் நடுவே, இருமலுக்காக ஒரு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அட்டை கிடந்தது. அதில் பாதிக்கு மேல் காலி.

டிகாக்சின் விழுங்குபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் குடலில் வாழும் பாக்டீரியா, அந்த மருந்தின் கணிசமான பகுதியைப் பயனற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. அந்த பாக்டீரியாவின் பெயர் எக்கர்தெல்லா லென்டா. அத்தகையவருக்கு எரித்ரோமைசினோ டெட்ராசைக்ளினோ கொடுத்தால், மருந்தை அழித்துவந்த கிருமி அடங்கி, அதே அளவு மாத்திரையிலேயே இரத்தத்தில் டிகாக்சின் ஏறிவிடும் என்று 1981இலேயே அமெரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள். எரித்ரோமைசின், டிகாக்சினைக் குடலுக்குள் திருப்பித் தள்ளும் புரதத்தையும் தடுக்கக்கூடியது. எனவே அந்தத் தாய்க்கு நேர்ந்தது இவற்றில் எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தி, இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் கண்காணிப்பில் வைத்திருந்தோம். நான்காம் நாள் நாடி அறுபதைத் தாண்டியது. மஞ்சள் நிறம் போய்விட்டது என்றார்.

இந்தத் துறையில் இப்போது அதிகம் பேசப்படுவது டி.எம்.ஏ.ஓ. என்ற பொருள். இறைச்சியிலும் முட்டையிலும் உள்ள கார்னிடின், கோலின் ஆகியவற்றைக் குடல் பாக்டீரியாக்கள் ஒரு வாயுவாக மாற்ற, கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. ஆக்குகிறது. கிளீவ்லேண்ட் கிளினிக் குழுவினர் இதயச் செயலிழப்பு உள்ள 720 பேரை ஐந்தாண்டு கண்காணித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், இது அதிகம் இருந்தவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்தது. சிறுநீரகம் தளர்ந்தாலும் இப்பொருள் இரத்தத்தில் தேங்கும் என்பதால், இதுவே காரணம் என்று முடிவுகட்டிவிடுவது சரியாகாது என்று நான் கருதுகிறேன்.

நல்ல பாக்டீரியா மாத்திரை என்று விற்பதை வாங்கலாமா என்று நோயாளிகளின் பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஈஸ்ட் வகை நுண்ணுயிரை ஒரு பிரிவுக்கும், குடலுக்கான ஆன்டிபயாடிக்கை இன்னொரு பிரிவுக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. இதயத்தின் விசை எதிலும் கூடவில்லை. எனவே அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். கேழ்வரகும் கொள்ளும் அவரையும் நம் ஊர் அடுப்பில் அன்றாடம் வேகும் நார்ச்சத்துள்ள உணவுகள். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாவது அந்த நார்தான். களியை விடச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயைத்தான் விடச் சொல்கிறேன். பழைய சோற்று நீராகாரத்தைப் பற்றிக் கேட்டால், அதில் போடும் உப்பையும், ஒரு நாளைக்கு மருத்துவர் வரையறுத்த தண்ணீர் அளவையும் நினைவுபடுத்துகிறேன்.

இப்போது யார் வந்து சேர்ந்தாலும் பையைக் கொட்டி அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். எடைக்கும் சிறுநீர் அளவுக்கும் பக்கத்தில், சாப்பிட்டது எவ்வளவு, வயிறு எப்படி இருக்கிறது என்று இன்னொரு வரி எழுதுகிறேன். சென்ற மாதம் காரிமங்கலத்துப் பெரியவர் ஒருவரின் தாளில் முதல் நாள் "இரண்டு வாய், உப்பசம்" என்று எழுதியிருந்தேன். ஊசி போட்டு, நான்காம் நாள் மூன்றரை கிலோ எடை குறைந்திருந்த காலையில், அவருடைய மகள் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து காட்டி, "முழு உருண்டையும் தின்னுட்டாருங்க சிஸ்டர்" என்றார். அதை அப்படியே தாளில் எழுதினேன்.